கென்டக்கியின் குதிரைச் சமாதிகள்: எந்தக் குதிரைக்கு எந்த மரியாதை?

கேள்வி இது: "அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பந்தயக் குதிரைகளுக்கும் பொலிகுதிரைகளுக்கும் சிலை, சமாதி, அருங்காட்சியகம் எல்லாம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதற்குப் பின்னால் இருப்பது என்ன? பந்தயத்தில் அதிகம் வென்ற குதிரைக்குத்தான் அதிக மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வட்டாரத்தில் ஒரு குதிரைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. பந்தயத் திடலில் அது என்ன செய்தது என்பது ஒன்று. அதன் குட்டிகளும் பேரக்குட்டிகளும் என்ன செய்தன என்பது மற்றொன்று. பொதுமக்களும் பந்தய ரசிகர்களும் முதல் கணக்கை நினைவில் வைத்திருக்கிறார்கள். பண்ணைக்காரர்கள் இரண்டாவது கணக்கை வைத்தே பேசுகிறார்கள், அதை வைத்தே பணமும் போடுகிறார்கள். இரண்டிலும் தேறிய குதிரைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றில் தேறி மற்றொன்றில் தோற்ற குதிரைகளை அந்த ஊர் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் இடத்தைப் பற்றி. குதிரை வளர்ப்புக்குப் பெயர் பெற்றது கென்டக்கி முழுவதும் அன்று. அதன் நடுப்பகுதியில் லெக்சிங்டன் நகரைச் சுற்றி ஃபாயெட், போர்பன், வுட்ஃபோர்ட், ஸ்காட் முதலிய கவுன்டிகளில் பரவியிருக்கும் புளூகிராஸ் வட்டாரம்தான். அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது பாஸ்பேட் மிகுந்த பழைய சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறை கரைந்து உண்டான மண்ணில் விளையும் புல்லிலும், பாறையிடுக்கில் ஓடி வரும் ஊற்று நீரிலும் கால்சியமும் பாஸ்பரசும் இருப்பதால் குட்டிகளின் எலும்பு உறுதியாக வளர்கிறது என்பது அங்குள்ளோர் எல்லாரும் சொல்லும் விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை என்பது என் கருத்து. வட்டாரத்துக்கே பெயர் கொடுத்த அந்தப் புல்கூட ஐரோப்பாவிலிருந்து குடியேறிகளோடு வந்ததுதான். சுண்ணாம்பு மண் டென்னசியிலும் உண்டு. அங்கேயும் ஒரு காலத்தில் கென்டக்கிக்கு நிகரான குதிரைப் பண்ணைகள் இருந்தன.

மீதிப் பாதியைச் செய்தது வரலாறு. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் வர்ஜீனியாவின் பண்ணைகளை நிலைகுலைய வைத்தது. கென்டக்கியும் சேதத்துக்குத் தப்பவில்லை என்றாலும், அங்கே விதைக் குதிரைகள் மிஞ்சின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் பந்தயச் சூதாட்டத்தைத் தடை செய்தபோது டென்னசியின் குதிரைத் தொழில் படுத்தது. கென்டக்கியோ 1908இல் லூயிவில்லின் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் இடைத்தரகர்களை விலக்கிவிட்டு, பந்தயப் பணத்தை ஒன்றாகத் திரட்டி வென்றவர்களுக்குப் பங்கிடும் இயந்திர முறையைக் கொண்டுவந்து பிழைத்துக்கொண்டது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹான்காக் குடும்பம் 1910இல் போர்பன் கவுன்டியின் பாரிஸ் ஊருக்கு அருகே கிளைபோர்ன் பண்ணையைத் தொடங்கியது. மண்ணும் சட்டமும் பணமும் ஓரிடத்தில் கூடியதால் குதிரைகளும் அங்கேயே கூடின.

இனி குதிரைகளுக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் முதல் பெருங்குதிரை, ஊரின் பெயரையே தாங்கிய லெக்சிங்டன். 1850இல் எலிஷா வார்ஃபீல்டு என்ற மருத்துவரின் பண்ணையில் பிறந்தது. ஏழு பந்தயங்களில் ஓடி ஆறில் வென்றது. தோற்றது லெகோம்ட் என்ற குதிரையிடம் ஒரே ஒரு முறை. அந்தக் காலத்துப் பந்தயம் இன்றுபோல இரண்டு நிமிடத்தில் முடிவதன்று. நான்கு மைல் ஓட வேண்டும். அதுவும் ஒரே நாளில் இரண்டு, மூன்று சுற்றாக ஓட வேண்டும். 1855இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அது நான்கு மைலை 7 நிமிடம் 19¾ விநாடியில் ஓடி முடித்தது, அன்றைய சாதனை. அதற்குள்ளாகவே கண் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டபின் முழுக் குருடானது.

1856இல் வுட்பர்ன் பண்ணையின் உரிமையாளர் ராபர்ட் அலெக்சாண்டர் அந்தக் குதிரையை 15,000 டாலருக்கு வாங்கினார். அக்காலத்தில் அமெரிக்கக் குதிரை எதற்கும் அப்படியொரு விலை கொடுத்ததில்லை. பார்வையற்ற அந்தப் பொலிகுதிரை அமெரிக்காவின் முதன்மைத் தந்தைக் குதிரை, அதாவது அந்த ஆண்டில் பந்தயங்களில் அதிகம் ஈட்டிய குட்டிகளின் தந்தை, என்ற இடத்தைப் 16 முறை பிடித்தது. அதில் 1861 முதல் 1874 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள். இன்றுவரை அதை நெருங்கியவர் எவரும் இல்லை. போர்க்காலத்தில் கெரில்லாப் படையினர் பண்ணையில் புகுந்து, லெக்சிங்டனின் மகனும் தோல்வியே காணாததுமான ஆஸ்டராய்டை ஓட்டிச் சென்றனர். பணம் கொடுத்துத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. அடுத்து லெக்சிங்டனுக்கே ஆபத்து வரும் என்று அஞ்சிய அலெக்சாண்டர், 1865இல் அதை இல்லினாய் மாநிலத்துக்கு அனுப்பி வைத்தார். 1875இல் அது இறந்தது. எலும்புக்கூடு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல காலம் கழித்து 2010இல்தான் கடன் ஏற்பாட்டில் சொந்த ஊருக்குத் திரும்பி, கென்டக்கி ஹார்ஸ் பார்க்கிலுள்ள குதிரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. இன்று லெக்சிங்டன் நகரச் சுற்றுலாத் துறையின் அடையாளமான நீல நிறக் குதிரையும் இதுவேதான். அக்காலத்து ஓவியர் எட்வர்டு டிராய் வரைந்த உருவத்துக்கு நீலம் பூசியிருக்கிறார்கள். கிண்டல் போலத் தோன்றலாம். ஊர்க்காரர்கள் அதை வெகு பெருமையோடு சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள்.

லெக்சிங்டனின் பெருமைக்கு இன்னொரு சான்று எதிர்த்தரப்பிலிருந்து கிடைக்கிறது. 1913இல் ஆங்கிலேயர்கள் தங்கள் வம்சாவளிப் பதிவேட்டின் விதியை இறுக்கினர். அமெரிக்கக் குதிரைகளின் பரம்பரையில் முழுமையாக ஆவணப்படுத்தப்படாத கிளைகள் இருப்பதாகக் காரணம் காட்டி, லெக்சிங்டனின் இரத்தம் கலந்தவற்றைத் தங்கள் ஏட்டில் சேர்க்க மறுத்தனர். அந்தத் தடை 1949 வரை நீடித்தது. அதற்குள் அதே இரத்தம் கொண்ட குதிரைகள் பந்தயங்களை வென்று தள்ளிவிட்டதால் விதியை வைத்திருப்பதில் பொருளில்லாமல் போயிற்று.

அப்படிச் சேர்க்க மறுக்கப்பட்ட வம்சத்தில் வந்ததுதான் மேன் ஓ வார். லெக்சிங்டனின் மகள் ஏரோலைட், அவள் மகன் ஸ்பெண்ட்த்ரிஃப்ட், அதன் மகன் ஹேஸ்டிங்ஸ், அதன் மகன் ஃபேர் பிளே, அதன் மகன் மேன் ஓ வார் என்று வழி வருகிறது. 1917 மார்ச் 29 அன்று லெக்சிங்டனுக்கு அருகே பிறந்த இந்தச் செந்நிறக் குட்டியை மறு ஆண்டு சாரட்டோகா ஏலத்தில் சாமுவேல் ரிடில் 5,000 டாலருக்கு வாங்கினார். 21 பந்தயங்களில் 20 வெற்றி. அதைத் தோற்கடித்த ஒரே குதிரையின் பெயர் அப்செட். 1920இல் ஒரு பந்தயத்தில் எதிர்க்குதிரையை நூறு குதிரை நீளத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தது. உரிமையாளர் மே மாத முதல் வாரத்தில் மூன்று வயதுக் குதிரையை ஒன்றேகால் மைல் ஓட்டக் கூடாது என்று நினைத்ததால், சர்ச்சில் டவுன்ஸில் நடக்கும் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியில் அது ஓடவே இல்லை. கென்டக்கி மண்ணில் பிறந்து கென்டக்கி மண்ணில் புதைக்கப்பட்ட அந்தக் குதிரை கென்டக்கியில் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை என்பதை அங்கே போகிற பலரும் அறிவதில்லை.

பொலிக்கு விடப்பட்ட பின் அது ஃபாரவே பண்ணையில் வாழ்ந்தது. ரிடில் வெளியாருடைய பெட்டைகளை அதிகம் சேர்க்கவில்லை. ஆண்டுக்கு 25 பெட்டை அளவில்தான், அதிலும் பெரும்பாலும் சொந்தப் பெட்டைகள். அதனால் மொத்தம் பிறந்த குட்டிகள் 379 மட்டும். அவற்றில் 64 உயர்தரப் பந்தயங்களை வென்றன. மகன்களில் வார் அட்மிரல் 1937இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று டிரிபிள் கிரௌன் பட்டம் பெற்றது. உருவில் சிறியதான பேட்டில்ஷிப், 1938இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தடைதாண்டும் பந்தயத்தை வென்றது. இன்னும் தாராளமாக நல்ல பெட்டைகளைச் சேர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற பெருமூச்சை அந்தத் தொழிலில் இன்றும் கேட்கலாம்.

ஆனால் மேன் ஓ வாரைச் சாமி போல ஆக்கியது அதன் லாயக்காரர் வில் ஹார்பட். கறுப்பினத்தவரான அவர் 1930ஆம் ஆண்டளவில் அதன் பொறுப்பை ஏற்றார். பார்க்க வரும் கூட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் குதிரையை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, அதன் பிறப்பு, வெற்றி, மக்கள் வரலாறு அத்தனையையும் ஒரு கதைசொல்லியின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடிப்பார். இதைப் போல் இன்னொரு குதிரை பிறந்ததே இல்லை என்று தன் வட்டார வழக்கில் அவர் சொன்ன வாசகம் நாடு முழுவதும் பரவியது. அவர் 1947 அக்டோபரில் இறந்தபோது குதிரைத் தொழில் இதழ் வெளியிட்ட இரங்கற் குறிப்பில், அவர் விட்டுச் சென்றவர்களின் பட்டியலில் மனைவி மக்களோடு மேன் ஓ வாரின் பெயரும் இருந்தது. ஒரு மாதத்துக்குள், நவம்பர் 1 அன்று, குதிரையும் இறந்தது. உடலுக்குப் பதம் செய்து, பெரிய பெட்டியில் வைத்து, மக்கள் வரிசையில் வந்து பார்க்க விட்டார்கள்; அடக்க நிகழ்ச்சி வானொலியில் ஒலிபரப்பானது. கோயில் காளை இறந்தால் மாலை சாத்தி, மேளம் வைத்து, ஊரே கூடி அடக்கம் செய்கிற நம்முடைய மதுரைப் பக்கத்து ஊர்களுக்கு இது விநோதமாகப் படாது. சிற்பி ஹெர்பர்ட் ஹேசல்டைன் வடித்த வெண்கலச் சிலையும் சமாதியும் 1970களில் ஹார்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டன.

இதுவரை சொன்னது பழைய காலம். இன்றைய கொண்டாட்டத்தைப் புரிந்துகொள்ளப் பொலிக்கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பந்தயக் குதிரைகளின் இனமான தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. நேரடிச் சேர்க்கையால் பிறந்த குட்டியை மட்டுமே பதிவேட்டில் ஏற்பார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் வரை பருவம். எல்லாக் குட்டிகளுக்கும் ஜனவரி 1 பிறந்த நாளாகக் கணக்கிடப்படுவதாலும், சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம் என்பதாலும், பெட்டைகளைக் குளிர்காலத்தின் முடிவிலேயே பருவத்துக்குக் கொண்டுவர லாயத்தில் இரவிலும் விளக்கெரிய விடுகிறார்கள். பெட்டை தயாரா என்று சோதிக்க முதலில் ஒரு சாதாரண ஆண் குதிரையைக் காட்டுவார்கள். அதன் பிழைப்பு பாவம்தான்: முகர்ந்து பார்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். பிறகு பெட்டையைக் கழுவி, வாலைத் துணியால் சுற்றி, பின்னங்கால் குளம்புகளுக்கு உதைத்தாலும் அடிபடாதபடி மெத்தை போன்ற உறை மாட்டுவார்கள். சுவரெல்லாம் திண்டு பதித்த கூடத்தில், தலைக்கவசம் அணிந்த நான்கைந்து பேர் ஆளுக்கொரு வேலையாக நிற்க, பித்தளைப் பெயர்த்தகடு பதித்த தலைக்கயிற்றோடு பொலிகுதிரை உள்ளே வரும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் லட்சக்கணக்கான டாலர் கட்டணம். ஓவர்புரூக் பண்ணையில் இருந்த ஸ்டார்ம் கேட்டின் பொலிக்கட்டணம் உச்சத்தில் 5,00,000 டாலரைத் தொட்டது. பிறந்த குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் பெரும்பாலும் பணம் கைமாறும். ஸ்பெண்ட்த்ரிஃப்ட் பண்ணையின் இன்டு மிஸ்சீஃப் 2009இல் 12,500 டாலரில் தொடங்கி, கேட்பாரில்லாமல் 7,500க்கு இறங்கி, குட்டிகள் ஓடத் தொடங்கிய பின் படிப்படியாக ஏறி 2,50,000 டாலரை எட்டியது. பந்தயத்தில் அது ஒரே ஒரு முதல்தரப் பந்தயத்தை வென்ற குதிரை. இன்று ஒரே பருவத்தில் 200 பெட்டைகளுக்கு மேல் சேர்ந்த கணக்கும் அதற்கு உண்டு. 2019 முதல் ஆண்டுக்கு ஆண்டு முதன்மைத் தந்தைக் குதிரை என்ற பட்டத்தை விடாமல் வைத்திருந்தது. இப்படி ஒரே குதிரையின் இரத்தம் பெருகினால் இனத்தின் பரப்பே சுருங்கிவிடும் என்று அஞ்சிய, இனத்தின் பதிவேட்டை நடத்தும் ஜாக்கி கிளப், பொலிகுதிரை ஒன்றுக்கு ஆண்டுக்கு 140 பெட்டை என்று 2020இல் வரம்பு விதித்தது. பெரிய பண்ணைகள் நீதிமன்றம் போக, 2022இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்குக் கேட்டால் வரம்பு சரியான திசையில் எடுத்து வைத்த அடிதான் என்பேன்.

இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று உரசுவதைப் பார்க்கக் கிளைபோர்ன் பண்ணையின் சமாதித் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே வழக்கம் என்னவென்றால், பெருமைக்குரிய குதிரை இறந்தால் தலை, இதயம், குளம்பு மூன்றை மட்டும் புதைப்பது: அறிவுக்கும் துணிவுக்கும் வேகத்துக்கும் அடையாளமாக. முழு உடலோடு புதைப்பது அரிய மரியாதை. அந்த மரியாதையைப் பெற்றது செக்ரடேரியட். 1973இல் கென்டக்கி டெர்பியை 1 நிமிடம் 59.4 விநாடியிலும், பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் 2 நிமிடம் 24 விநாடியிலும் வென்று, 25 ஆண்டுகளாக எவருக்கும் வாய்க்காத டிரிபிள் கிரௌனைப் பெற்ற குதிரை அது. இரண்டு நேரச் சாதனைகளும் இன்னும் உடைபடவில்லை. பிறந்தது வர்ஜீனியாவில் என்றாலும், டெர்பிக்கு முன்பே 32 பங்குகளாக, பங்கு ஒன்று 1,90,000 டாலர் வீதம், அதன் பொலி உரிமை விற்கப்பட்டுக் கிளைபோர்னுக்கு வந்தது. தந்தை போல்டு ரூலர் இருந்த அதே கொட்டடியில் வைத்தார்கள். அதற்குப் பின் ஈசி கோயரும் அன்பிரைடில்டும் அதே கொட்டடியில் இருந்தன.

ஆனால் பொலிகுதிரையாகச் செக்ரடேரியட் எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை என்ற முணுமுணுப்பு அதன் வாழ்நாள் முழுவதும் இருந்தது. 1986இல் ஆண்டின் சிறந்த குதிரையான லேடிஸ் சீக்ரெட், 1988இல் இரண்டு பெரும் பந்தயங்களை வென்ற ரைசன் ஸ்டார் என்று நல்ல பிள்ளைகள் உண்டு. தன்னைப் போல ஒன்றைத் தரவில்லை. அதன் உண்மையான கொடை மகள்கள் வழியே வந்தது. மேலே சொன்ன ஸ்டார்ம் கேட்டும், 1992இல் ஆண்டின் சிறந்த குதிரையாகிப் பின்னர் லேன்ஸ் எண்டு பண்ணையில் பெரும் வம்சத்தையே தோற்றுவித்த ஏ.பி. இண்டியும், கான் வெஸ்டும் செக்ரடேரியட்டின் மகள்வழிப் பேரன்கள். 1989இல் அது இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர், இதயம் இயல்பைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாக இருந்ததாகச் சொன்னார், நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய இதயம் X குரோமோசோமில் கடத்தப்படுகிறது, அதனால்தான் மகன்களுக்குப் போகாமல் மகள்களுக்குப் போயிற்று என்றொரு கருத்து உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது; நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே தோட்டத்தில் டான்சிக்குக்கும் சமாதி உண்டு. அது மொத்தம் ஓடியதே மூன்று பந்தயங்கள், மூன்றிலும் வென்றது, முழங்கால் பழுதால் நின்றுவிட்டது. பெரிய பந்தயம் எதிலும் கால் வைத்ததில்லை. அருகில் மிஸ்டர் பிராஸ்பெக்டர். அதுவும் முதல்தரப் பந்தயம் ஒன்றையும் வென்றதில்லை. ஆனால் டான்சிக்கின் மகன் டேன்ஹில் ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் தன் பிள்ளைகளால் நிரப்பியது. மிஸ்டர் பிராஸ்பெக்டரின் இரத்தம் இல்லாத அமெரிக்கக் குதிரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்தய ரசிகர் இந்த இரண்டு கல்லறைகளையும் கடந்துபோய்ச் செக்ரடேரியட்டின் கல்லறை முன் நின்று படமெடுத்துக்கொள்வார். பண்ணை நடத்துகிறவர் இந்த இரண்டுக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றுவார்.

மறுபக்கமும் உண்டு. கலுமெட் பண்ணையின் சைட்டேஷன் 1948இல் டிரிபிள் கிரௌன் வென்றது. பந்தயத்தில் பத்து லட்சம் டாலர் ஈட்டிய முதல் குதிரை. பொலிகுதிரையாகச் சுமார் ரகம். அதன் தந்தை புல் லீயோ ஐந்து முறை முதன்மைத் தந்தைக் குதிரை. கலுமெட்டின் சமாதித் தோட்டத்தில் சிலையாக நிற்பது மகன் இல்லை, தந்தை. 1990களில் தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகார் பொலிக்கு விடப்பட்டபோது ஒரு பெட்டைகூடச் சினை பிடிக்கவில்லை. 1,100 டாலருக்கு ஏலம் போய், 65 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டி, இரண்டு முறை ஆண்டின் சிறந்த குதிரையான ஜான் ஹென்றி காயடிக்கப்பட்ட குதிரை. இந்த இரண்டுக்கும் தனியார் பண்ணைகளில் வேலை இல்லை. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் ஹார்ஸ் பார்க்குதான் அவற்றை ஏற்று, தினமும் கூட்டத்துக்கு முன்னால் நடத்திக் காட்டி, கடைசிவரை வைத்துக் காப்பாற்றியது. வம்சம் இல்லாத வீரர்களுக்கு அந்த ஊர் கொடுத்த மரியாதை அது. எனக்கு அதுவே ஒருபடி மேலாகப் படுகிறது.

கணக்குப் போடுவதில் கென்டக்கி கோட்டைவிட்ட பெரிய நிகழ்வு சண்டே சைலன்ஸ். பாரிஸ் ஊருக்கு அருகே ஸ்டோன் பண்ணையில் பிறந்து, 1989இல் டெர்பியையும் பிரீக்னஸையும் வென்ற கறுப்புக் குதிரை. தாய்வழி அவ்வளவு பெயர் பெற்றதன்று, பின்னங்கால் அமைப்பும் நேர்த்தியில்லை என்று உள்ளூர்ப் பண்ணையாளர்கள் பொலி உரிமையின் பங்குகளை வாங்கத் தயங்கினர். ஜப்பானின் ஜென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஜப்பானின் முதன்மைத் தந்தைக் குதிரை அதுதான். அதன் மகன் டீப் இம்பாக்ட் 2005இல் தோல்வியின்றி ஜப்பானிய டிரிபிள் கிரௌனை வென்றது. ஜப்பானியக் குதிரைகள் இன்று உலக அரங்கில் அச்சமூட்டுவதற்கு முதற்காரணம் கென்டக்கி வேண்டாம் என்று விட்ட அந்தக் குதிரை.

இந்தக் கொண்டாட்டத்தில் பெட்டைகளுக்குக் கிடைக்கும் இடம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். பெட்டைக்கு ஆண்டுக்கு ஒன்று. ஆகவே பெயரெல்லாம் தந்தைக்கே போகிறது. ஆனால் பண்ணைக்காரரிடம் தனியாகப் பேசினால் தாய்வழியைத்தான் முதலில் கேட்பார். 1930இல் நியூமார்க்கெட் ஏலத்தில் வாங்கி ‘ஐடில் அவர்’ (Idle Hour) என்ற பண்ணைக்குக் கொண்டுவரப்பட்ட பிரெஞ்சுப் பெட்டை லா துருவாயென் ஒரு பந்தயத்திலும் வென்றதில்லை. அமெரிக்காவின் மிகச் சிறந்த தாய்வழிகளுள் ஒன்று அவளிடமிருந்து தொடங்குகிறது. பெட்டைக்கு நடுவிடம் கொடுத்த பழைய சமாதித் தோட்டம் ஒன்று ஹாம்பர்க் பிளேஸில் இருந்தது: வண்டிப் பந்தயத்தின் புகழ்பெற்ற பெட்டை நான்சி ஹாங்க்ஸின் சிலையைச் சுற்றி லாட வடிவில் கல்லறைகள். அந்த நிலத்தில் வணிக வளாகம் எழுந்தபோது தோட்டத்தை வேறிடத்துக்குப் பெயர்த்து வைத்தார்கள்.

மறைக்கப்பட்ட இன்னொரு வரிசை மனிதர்களுடையது. 1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற அரிஸ்டைடிஸின் ஜாக்கி ஆலிவர் லூயிஸும், அடிமையாகப் பிறந்து வுட்பர்ன் பண்ணையில் தொழில் செய்த பயிற்சியாளர் ஆன்செல் வில்லியம்சனும் அப்படியே. முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் நிறவெறியால் அவர்களைத் திடலைவிட்டே விரட்டிவிட்டார்கள். மிஞ்சியது வில் ஹார்பட் போன்றோரின் லாய வேலைதான். மூன்று டெர்பிகளை வென்ற ஐசக் மர்ஃபி 1896இல் இறந்து லெக்சிங்டனின் கறுப்பினத்தவர் இடுகாட்டில் புதைக்கப்பட்டார். கல்லறை மறக்கப்பட்டுக் கிடந்தது. 1960களில் தேடிக் கண்டுபிடித்து மேன் ஓ வாரின் சமாதிக்கு அருகே மாற்றினார்கள். இன்று ஹார்ஸ் பார்க்கின் நுழைவாயில் பக்கம் இருவருடைய சமாதியும் உள்ளன. மரியாதைதான். ஆனால் மனிதரின் கல்லறைக்குக் கவனம் கிடைக்க, பக்கத்தில் ஒரு குதிரை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கொண்டாட்டத்துக்கு ஒரு நிழலும் உண்டு. 1986இல் டெர்பி வென்று, அடுத்த ஆண்டு ஆண்டின் சிறந்த குதிரையான ஃபெர்டினாண்டு, பொலிகுதிரையாக எடுபடாமல் ஜப்பானுக்கு விற்கப்பட்டு, அங்கேயும் எடுபடாமல் 2002 வாக்கில் இறைச்சிக் கூடத்துக்குப் போனது என்ற செய்தி வெளியானபோது கென்டக்கி வெட்கப்பட்டது. ஜார்ஜ்டவுனில் மைக்கேல் பிளோவன் தொடங்கிய ஓல்டு ஃபிரெண்ட்ஸ் பண்ணை, இப்படி வேலை முடிந்த பொலிகுதிரைகளையும் பந்தயக் குதிரைகளையும் வாங்கி வைத்துக் காப்பதற்காகவே நடக்கிறது. 1997 டெர்பி வெற்றியாளர் சில்வர் சார்மை ஜப்பானிலிருந்து திரும்ப வரவழைத்ததும் அவர்கள்தான். இதன்பின் குதிரையை வெளிநாட்டுக்கு விற்கும் ஒப்பந்தங்களில், தொழில் முடிந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சேர்த்து எழுதுவது பரவலாயிற்று.

நேரில் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ போங்கள். கீன்லேண்ட் திடலில் பந்தயம் நடப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். விடியற்காலைப் பயிற்சியைக் காணக் கட்டணமில்லை. கிளைபோர்ன் பண்ணைக்கும், டிரிபிள் கிரௌன் வென்ற அமெரிக்கன் ஃபாரோ, ஜஸ்டிஃபை இரண்டையும் பொலிக்கு வைத்திருக்கும் ஆஷ்ஃபோர்டு பண்ணைக்கும் முன்பதிவு செய்யாமல் போனால் வாயிலோடு திரும்ப வேண்டும். ஹார்ஸ் பார்க்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் மேன் ஓ வாரின் சிலைக்கு ஓடுவார்கள். கூட்டம் குறையும்வரை நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் லெக்சிங்டனின் எலும்புக்கூடு அப்போது காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.